ஜிம்மி ஹில்: 20 பவுண்ட் சம்பளத்திலிருந்து பிபிசி ஸ்டுடியோ வரை – ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் உச்சக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக் பார்க்கிறவர்களுக்குச் சில விஷயங்கள் காலங்காலமாக அப்படியே இருந்தவை போலத் தோன்றும். ஜெயித்தால் 3 புள்ளி. ஆட்டக்காரர் எவ்வளவு சம்பளம் வாங்கலாம் என்பதற்கு மேல்வரம்பு கிடையாது. இடைவேளையில் ஸ்டுடியோவுக்குப் போனால் முன்னாள் ஆட்டக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, அந்த டிஃபென்டர் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று ரீப்ளேயை நிறுத்தி நிறுத்திச் சண்டை போடுவார்கள். இந்த மூன்றிலும் ஒரே மனிதரின் கை இருக்கிறது, அவர் பெயர் ஜிம்மி ஹில். இங்கிலாந்து அணிக்கு ஒருமுறைகூட ஆடாதவர். உச்ச அடுக்குக்கு அடுத்த அடுக்கான இரண்டாம் டிவிஷனில் பெரும்பகுதி காலத்தைக் கழித்த ஒரு சராசரி ஆட்டக்காரர்.

ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் டிவிக்குப் போவதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு பாகமாகப் பிரிப்பார்கள்: முதலில் களம், அப்புறம் மைக். புகழ் அங்கே சம்பாதித்தது, இங்கே செலவானது என்கிற மாதிரி. ஹில்லை அப்படிப் பிரிக்க முடியாது, செலவு செய்ய அவரிடம் களத்துப் புகழ் இல்லை. அவர் டிவிக்குக் கொண்டுபோனது ஒரே ஒரு எண்ணம்தான்: ஆடுகிறவனுக்கு ஆட்டம் தெரியும், அந்த அறிவுக்கு விலை உண்டு, அதை அவன் வாயாலேயே கேட்க வேண்டும். தொழிற்சங்கத்தில் அவர் போராடியதும் இதற்காகத்தான், ஸ்டுடியோவில் செய்ததும் இதுதான். ஆனால் இதே மனிதர் ஒரே நேரத்தில் பல நாற்காலிகளில் உட்கார்ந்ததால் 1977-ல் ஒரு பெரிய சிக்கல் வந்தது. ஒரு ஊரே அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் இந்த ஆய்வு.

களத்தில்

தெற்கு லண்டன்காரர், பிறந்தது 1928 ஜூலை 22. கட்டாய ராணுவ சேவை முடிந்தபின் 1949-ல் பிரென்ட்ஃபோர்ட் அணியில் சேர்ந்தார். அங்கே 83 லீக் ஆட்டங்கள், 10 கோல். அங்கே கூட ஆடியவர்களில் ஒருவர் ரான் கிரீன்வுட், பின்னாளில் இங்கிலாந்து அணியின் மேனேஜர். 1952-ல் ஃபுல்ஹம். தேம்ஸ் கரையில் கிரேவன் காட்டேஜ் மைதானம், ஜானி ஹெய்ன்ஸ், பாபி ராப்சன் என்று நல்ல நல்ல சகாக்கள். நடுக்களத்தில் தொடங்கியவர் மெல்ல முன்னே நகர்ந்து இன்சைட் ஃபார்வர்டாக, அதாவது தாக்குதல் வரிசையில், ஆடினார். ஃபுல்ஹமுக்காக 276 லீக் ஆட்டங்களில் 41 கோல். அதில் 5 கோல் ஒரே ஆட்டத்தில் வந்தது, 1958-ல் டான்காஸ்டர் ரோவர்ஸ் அணிக்கு எதிராக, அதுவும் அவர்கள் ஊரிலேயே.

அந்த வருடம்தான் அவருடைய ஆட்டக்காலத்தின் உச்சம். இரண்டாம் டிவிஷன் அணியான ஃபுல்ஹம், எல்லா மட்டத்து அணிகளும் மோதும் நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையின் அரையிறுதி வரை வந்துவிட்டது. எதிரே மான்செஸ்டர் யுனைடெட். மியூனிக் விமான விபத்து நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பாதி அணியை இழந்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள், நாடே அவர்கள் பக்கம். வில்லா பார்க்கில் 2-2, ஃபுல்ஹமின் ஒரு கோல் ஹில்லுடையது. ஹைபரியில் நடந்த மறு ஆட்டத்தில் யுனைடெட் 5-3 என்று ஜெயித்தது. அடுத்த வருடம் ஃபுல்ஹம் முதல் டிவிஷனுக்கு ஏறியது. களத்து வரலாறு அவ்வளவுதான். அவர் உழைப்பாளி, ஓடிக்கொண்டே இருப்பவர், தாடி வைத்தவர். அந்தக் காலத்தில் தாடியோடு ஆடுகிற ஆட்டக்காரர் அபூர்வம் என்பதால் கூட்டத்தில் உடனே தெரிவார்.

20 பவுண்ட்

இப்போது நான் நிதானமாகச் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன்.

1901-லிருந்து இங்கிலாந்தில் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. தொடக்கத்தில் வாரம் 4 பவுண்ட், 50-களின் கடைசியில் சீசன் நடக்கும்போது 20 பவுண்ட், கோடையில் 17. அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரமான ஸ்டான்லி மேத்யூஸ் ஆடினாலும் அதேதான், நேற்று வந்த பையன் முதல் அணியில் நிலைத்தாலும் அதிகபட்சம் அதேதான். ஐம்பதாயிரம் பேர் காசு கொடுத்து உள்ளே வருவார்கள், அந்தக் காசு யாருக்குப் போகிறது என்று கேட்க ஆளில்லை. இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரின் பதிவைக் கிளப் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். விடவில்லை என்றால் அவர் வேறெங்கும் ஆட முடியாது. வேலை முடிந்த பிறகும் முதலாளி போக விடமாட்டார் என்றால் அதற்குப் பெயர் என்ன என்று யாரும் யோசித்துக்கொள்ளலாம்.

1957-ல் ஹில் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவரானார். வந்ததும் முதலில் செய்த காரியங்களில் ஒன்று பெயர் மாற்றம். யூனியன் என்ற பெயர் போய் 1958-ல் தொழில்முறை கால்பந்து ஆட்டக்காரர்கள் சங்கம் என்று ஆனது, இன்றும் பிஎஃப்ஏ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் பத்திரிகைக்காரர்கள் முன்னால் தொப்பியும் கசங்கிய கோட்டுமாக நிற்கும் கூலியாக ஆட்டக்காரர் தெரியக் கூடாது, மருத்துவர், வக்கீல் மாதிரி ஒரு தொழில் தெரிந்தவராகத் தெரிய வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். மக்கள் எதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில் அவருக்கு இருந்த கூர்மை, டிவிக்குப் போவதற்குப் பல வருடம் முன்பே இங்கே தெரிகிறது.

சங்கச் செயலாளர் கிளிஃப் லாய்ட் சட்டத்தையும் விதிகளையும் பார்த்துக்கொண்டார், ஹில் பேசினார். கூட்டம் கூட்டமாக, ஊர் ஊராக. எதிர்ப்பக்கம், கிளப்புகளின் அமைப்பான ஃபுட்பால் லீகின் செயலாளர் ஆலன் ஹார்டேக்கர், லேசில் வளைகிறவர் அல்ல. 1961 ஜனவரி 21 சனிக்கிழமை வேலைநிறுத்தம் என்று தேதி குறிக்கப்பட்டது.

மான்செஸ்டரில் நடந்த கூட்டத்தைப் பற்றி ஹில் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்று உண்டு. கீழ் டிவிஷனில் ஆடும் ஒரு இளைஞர் எழுந்து, என் அப்பா சுரங்கத்தில் வேலை செய்கிறார், அவர் வாங்குவதைவிட நான் அதிகம் வாங்குகிறேன், இதற்கு மேல் கேட்பது நியாயமா என்று கேட்டாராம். கூட்டம் அமைதியாகிவிட்டது. ஹில் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போல்டன் அணியின் ஓரத் தடுப்பாட்டக்காரர் டாமி பேங்க்ஸ் எழுந்தார். அவரே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். உங்கப்பா வேலை கஷ்டம்தான், எனக்குத் தெரியும், நான் போய் அதைச் செய்கிறேன், ஆனால் சனிக்கிழமை மூணு மணிக்கு முப்பதாயிரம் பேர் முன்னால் ஸ்டான்லி மேத்யூஸை உங்கப்பா தடுத்து நிறுத்தட்டும் என்கிற பொருளில் பேசினார். அதோடு வாதம் முடிந்தது. இந்தக் கதை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், ஹில் இதைச் சொல்லும்போது வெற்றியைத் தனக்கு எடுத்துக்கொள்ளாமல் பேங்க்ஸுக்குக் கொடுத்ததுதான். தொழில் தெரிந்தவன் தன் வார்த்தையில் பேசினால் எந்தப் பேச்சாளரும் அதற்கு ஈடாகமாட்டார் என்பதை அந்த அறையில் அவர் பார்த்துவிட்டார்.

வேலைநிறுத்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஜனவரி 18 அன்று லீக் இறங்கி வந்தது. உச்சவரம்பு ஒழிந்தது. ஃபுல்ஹம் தலைவர் டாமி டிரின்டர் ஒரு நகைச்சுவை நடிகர். அனுமதி மட்டும் இருந்தால் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்ட் கொடுப்பேன் என்று முன்பே ஊரறியச் சொல்லி வைத்திருந்தார், இப்போது கொடுக்க வேண்டியதாயிற்று. ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்ட் வாங்கிய முதல் ஆட்டக்காரரானார். ஒப்பந்தத்துக்குப் பிறகும் பிடித்து வைக்கும் முறைக்கு எதிராக ஜார்ஜ் ஈஸ்ட்ஹம் நியூகாசில் கிளப் மீது போட்ட வழக்கில் சங்கம் கூட நின்றது. 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், அது தொழில் செய்யும் உரிமையை நியாயமில்லாமல் தடுக்கிறது என்று தீர்ப்பளித்தார்.

ஹில்லுக்கு என்ன கிடைத்தது? உச்சவரம்பு போன அதே 1961-ல் முழங்கால் காயத்தால் அவருடைய ஆட்டம் முடிந்துபோனது. தான் வாங்கிக் கொடுத்த சுதந்திரத்தில் ஒரு முழு சீசன்கூட அவர் ஆடவில்லை. அப்போது வயது 33.

கோவென்ட்ரி, அல்லது டிவிக்கு முந்தைய டிவி

1961 நவம்பரில் கோவென்ட்ரி சிட்டி மூன்றாம் டிவிஷனில் இருந்தது. எஃப்ஏ கோப்பையில் லீகிலேயே இல்லாத கிங்ஸ் லின் அணி வந்து அவர்கள் சொந்த மைதானத்தில் அவர்களைத் தோற்கடித்தது. தலைவர் டெரிக் ராபின்ஸ் அதன்பின் மேனேஜர் பொறுப்பை ஹில்லிடம் கொடுத்தார். அதற்கு முன் எந்த லீக் கிளப்புக்கும் மேனேஜராக இருந்த அனுபவம் அவருக்குக் கிடையாது.

வந்தவர் சட்டையின் நிறத்தை வானநீலமாக்கினார். கிளப்புக்கு ஸ்கை புளூஸ் என்று பெயர். பாட்டு ஒன்று எழுதினார், ஜான் கேம்கினோடு சேர்ந்து, ஈட்டன் படகுப் பாட்டின் மெட்டில். இன்றும் கோவென்ட்ரி மைதானத்தில் அதைத்தான் பாடுகிறார்கள். வெளியூர் ஆட்டங்களுக்கு ரசிகர்களுக்காகத் தனி ரயில் விட்டார். பையன்களைக் கூப்பிட்டு குளிர்பானமும் சிப்ஸும் கொடுத்து ஆட்டக்காரர்களைச் சந்திக்க வைத்தார். ஆட்டம் முடிந்ததும் போய்விடாமல் மக்கள் மைதானத்திலேயே இருக்கும்படி முன்னும் பின்னும் நிகழ்ச்சி வைத்தார். இதெல்லாம் இன்று எல்லாக் கிளப்புகளும் செய்வது. அன்றைக்குக் கிளப் என்றால் சனிக்கிழமை மூணு மணிக்குக் கதவைத் திறந்து அஞ்சு மணிக்கு மூடுகிற இடம்.

1965 அக்டோபரில் நடந்ததுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். கோவென்ட்ரி கார்டிஃபுக்குப் போய் ஆடியது. அந்த ஆட்டத்தைக் கேமரா வழியாகக் கம்பியில் கொண்டுவந்து, கோவென்ட்ரியின் ஹைஃபீல்ட் ரோட் மைதானத்தில் பெரிய திரைகளில் நேரடியாகக் காட்டினார்கள். அங்கே ஆளே ஆடாத மைதானத்தில் திரையைப் பார்க்க 10,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். லீக் ஆட்டத்தை டிவியில் நேரடியாகக் காட்டினால் மைதானத்துக்கு ஆள் வராது என்று கிளப் முதலாளிகள் பயந்துகொண்டிருந்த காலம் அது. டிவி கூட்டத்தைக் குறைக்காது, கூட்டும் என்று ஒரு மேனேஜர் தன் கையில் இருந்த மைதானத்தை வைத்து நிரூபித்துக் காட்டினார்.

ஆட்டமும் சும்மா இல்லை. 1964-ல் மூன்றாம் டிவிஷன் சாம்பியன், 1967-ல் இரண்டாம் டிவிஷன் சாம்பியன். 1967 ஏப்ரல் 29 அன்று வுல்வ்ஸ் அணியோடு நடந்த ஆட்டத்துக்கு 51,455 பேர் வந்தார்கள், அந்த மைதானத்தின் வரலாற்றில் அதுதான் அதிகபட்சம். கோவென்ட்ரி முதன்முறையாக நாட்டின் உச்ச டிவிஷனுக்குப் போகிறது. புது சீசன் தொடங்கும் நேரத்தில் ஹில் விலகிவிட்டார். நீண்ட ஒப்பந்தம் கேட்டார், கிடைக்கவில்லை. டிவி அழைத்தது. ரசிகர்களுக்கு அது பெரிய இடி, மலை உச்சிவரை தூக்கி வந்தவர் கடைசி அடியில் கையை விட்டுவிட்டார் என்று நினைத்தவர்கள் நிறைய. நான் அவர் பக்கம்தான். மேனேஜர் வேலையில் அவர் காட்டியதில் பாதி ஏற்கெனவே ஒளிபரப்பாளரின் வேலை.

ஸ்டுடியோ

1968-ல், பிபிசியின் போட்டியாளரான ஐடிவி தனியார் வலையமைப்பைச் சேர்ந்த லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் தொடங்கியபோது விளையாட்டுப் பிரிவுக்குத் தலைவர் ஹில். ஞாயிறு மதியம் பிரையன் மூர் தொகுத்து வழங்கிய நிகழ்ச்சியில் முந்தைய நாள் ஆட்டங்களைக் காட்டினார்கள். ஹில் அதில் அலசுபவராக உட்கார்ந்தார். மெதுவாக ஓடும் ரீப்ளேயைப் போட்டு, கோல் அடித்தவரை விட்டுவிட்டு, பந்தே இல்லாமல் ஓடி எதிரணிக்காரரை இழுத்துக்கொண்டுபோன இன்னொருவரைக் காட்டி, இவர்தான் இந்தக் கோலுக்குக் காரணம் என்பார். இன்று பத்து வயதுப் பிள்ளைகூட இப்படிப் பேசும். அன்றைக்கு டிவியில் கேட்டதெல்லாம் அருமையான ஷாட், அபாரமான ஆட்டம் என்ற அளவில்தான் இருந்தது. ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் பேச்சை அவர் வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

1970 மெக்சிகோ உலகக் கோப்பை வந்தது. பிபிசியிடம் அனுபவம், பெயர், பார்வையாளர் எல்லாம் இருந்தன. ஐடிவிக்கு வேறு வழி தேவைப்பட்டது. ஹில்லும் அவரோடு இருந்தவர்களும் நான்கு பேரை லண்டன் ஸ்டுடியோவில் சேர்த்து உட்கார வைத்தார்கள்: மான்செஸ்டர் சிட்டியின் மால்கம் ஆலிசன், மான்செஸ்டர் யுனைடெட்டின் பேட் கிரெராண்ட், வுல்வ்ஸின் டெரிக் டூகன், கடைசி நேரத்தில் இங்கிலாந்து அணியில் இடம் கிடைக்காமல் போன ஆர்சனலின் பாப் மெக்நாப். அந்தச் சேர்க்கையைக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், ஒருவர் வட அயர்லாந்துக்காரர், ஒருவர் வாய்க்குப் பூட்டே இல்லாத பயிற்சியாளர், ஒருவர் நேற்றுவரை அந்த அணியோடு இருந்தவர். இங்கிலாந்து ஜெயிக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் பேச வாய்ப்பே இல்லை. சண்டை போட்டார்கள், வெட்டிப் பேசினார்கள், சிரித்தார்கள். மக்கள் ஆட்டத்துக்காக மட்டுமில்லாமல் இவர்கள் பேச்சுக்காகவும் உட்கார்ந்தார்கள். அந்தத் தொடரின்போது கால்பந்தில் ஐடிவி பிபிசியை முந்திய இரவுகள் வந்தன. அதே 1970-ல் டூகன், ஹில் முன்பு இருந்த ஆட்டக்காரர் சங்கத் தலைவர் பதவிக்கு வந்தார் என்பது தற்செயலாக இருக்கலாம், ஆனால் பேசத் தெரிந்த ஆட்டக்காரரைத் தேடினால் எந்தக் கூட்டத்தில் தேட வேண்டும் என்று ஹில்லுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

1972 செப்டம்பர் 16. ஹைபரியில் ஆர்சனலும் லிவர்பூலும். லைன்ஸ்மேன், அதாவது கோட்டோரம் கொடியோடு நிற்கும் துணை நடுவர், ஒருவருக்குக் காலில் காயம், மாற்று ஆள் இல்லை. தகுதி பெற்ற நடுவர் யாராவது இருக்கிறார்களா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். பார்வையாளராக உட்கார்ந்திருந்த ஹில் இறங்கி வந்து கொடியை வாங்கிக்கொண்டு கோட்டோரம் ஓடினார். அவரிடம் நடுவர் தகுதிச் சான்று இருந்தது. ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. ஆட்டக்காரர், சங்கத் தலைவர், மேனேஜர், டிவிக்காரர், நடுவர் – இனி கிளப் தலைவர் ஒன்றுதான் பாக்கி, அதுவும் வரப்போகிறது.

1973-ல் பிபிசிக்கு மாறி, சனிக்கிழமை இரவு மேட்ச் ஆஃப் தி டே நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கத் தொடங்கினார், 1988 வரை. அதன்பின் டெஸ் லைனம் தொகுப்பாளர் ஆனார், ஹில் அலசுபவராக 1998 வரை பிபிசியில் தொடர்ந்தார். தொகுப்பாளரும் அலசுபவரும் ஒரே ஆளாக இருந்தது அவருடைய தனித்தன்மை, அதுவே அவருடைய பலவீனமும். கேள்வி கேட்கிறவரே பதிலும் சொன்னால் மறுக்க ஆள் இல்லை. லைனம் வந்து பக்கத்திலிருந்து கேள்வி கேட்க, எதிரே டெர்ரி வெனபிள்ஸ் போன்றவர்கள் மறுக்க ஆரம்பித்த பிறகுதான் ஹில் நல்ல அலசுபவராகத் திரும்பவும் தெரிந்தார் என்பது என் அபிப்பிராயம். 1970-ல் அவரே கண்டுபிடித்த உண்மை அது, நாலு பேர் மோத வேண்டும்.

அவர் சொன்னதெல்லாம் மக்களுக்குப் பிடித்தது என்றில்லை. 1982 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக ஸ்காட்லாந்தின் டேவிட் நேரி தூரத்திலிருந்து ஒரு கோல் அடித்தார், பந்து மேல் மூலைக்குள் போய் விழுந்தது. ஹில் அதைத் திறமையான உதையாக எடுத்துக்கொள்ளாமல், கால் விரல் நுனியால் குத்தியது என்று சொல்லிவிட்டார். பிரேசில் 4-1 என்று ஜெயித்தது ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு மறந்துபோயிருக்கும், ஹில் சொன்ன அந்த ஒரு வார்த்தை மறக்கவில்லை. பல வருடம் அவரைத் திட்டிப் பாட்டுப் பாடினார்கள். அவருடைய நீண்ட தாடையை வைத்துப் பள்ளிப் பிள்ளைகள்கூடக் கேலி செய்தார்கள், யாராவது கதை விட்டால் தாடையைத் தடவிக்கொண்டு அவர் பெயரைச் சொல்வார்கள். அவர் இதற்கெல்லாம் ஒளிந்துகொள்ளவில்லை. கருத்துச் சொன்னால் அடி விழும் என்பது சங்க மேடையிலேயே பழகிப்போனது.

3 புள்ளி விவகாரமும் இந்தக் காலத்தில்தான். 1888-லிருந்து ஜெயித்தால் 2, டிரா என்றால் 1. வெளியூர் போகிற அணி பத்துப் பேரைப் பின்னால் நிறுத்திவிட்டு ஒரு புள்ளியோடு வீடு திரும்புவதில் லாபம் இருந்தது. வெற்றிக்கு 3 கொடுத்தால் டிராவின் மதிப்பு பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறையும், முன்னேறி ஆட ஆசை வரும் என்று ஹில் வலியுறுத்தினார். ஃபுட்பால் லீக் 1981-ல் ஏற்றுக்கொண்டது. உலகக் கோப்பையில் 1994-ல் வந்தது. இப்போது உலகம் முழுக்க அதுதான்.

1977 மே 19

1975-ல் ஹில் கோவென்ட்ரிக்கு நிர்வாக இயக்குநராகத் திரும்பி வந்தார், பிறகு தலைவருமானார். பிபிசியின் முக்கியமான கால்பந்து நிகழ்ச்சியைத் தொகுத்துக்கொண்டே, அந்த நிகழ்ச்சி காட்டும் கிளப்புகளில் ஒன்றை நடத்தவும் செய்தார். இப்படி ஒரு ஏற்பாட்டை பிபிசி எப்படி ஏற்றுக்கொண்டது என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

1976-77 சீசனின் கடைசி ஆட்டம். கோவென்ட்ரி, பிரிஸ்டல் சிட்டி, சண்டர்லாண்ட் மூன்று அணிகளும் 34 புள்ளியில் நிற்கின்றன, மூவரில் ஒருவர் கீழ் டிவிஷனுக்கு இறங்கியாக வேண்டும். கோவென்ட்ரியும் பிரிஸ்டலும் ஹைஃபீல்ட் ரோடில் மோதுகின்றன, சண்டர்லாண்ட் எவர்டன் ஊரில் ஆடுகிறது. மூன்று அணிகளுக்கும் ஒரே நேரத்தில் ஆட்டம் தொடங்க வேண்டும். கோவென்ட்ரியில் கூட்டம் உள்ளே வந்து முடியவில்லை என்று தொடக்கம் தள்ளிப்போனது. டாமி ஹட்சிசன் இரண்டு கோல் அடித்து கோவென்ட்ரியை முன்னுக்குக் கொண்டுபோனார், பிரிஸ்டல் விடாமல் துரத்தி 2-2 என்று சமன் செய்தது. இன்னும் நேரம் பாக்கி. அப்போது எவர்டனில் ஆட்டம் முடிந்து, சண்டர்லாண்ட் 2-0 என்று தோற்றுவிட்ட செய்தி வந்தது. ஹில் அந்த முடிவை மைதானத்தின் ஸ்கோர் போர்டில் போடச் சொன்னார்.

அவ்வளவுதான், ஆட்டம் நின்றுவிட்டது. டிரா ஆனால் இரண்டு அணிகளும் பிழைக்கும் என்று இருபத்திரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. மீதி நிமிடங்களில் யாரும் முன்னே போகவில்லை, பந்தைப் பக்கத்தில் பக்கத்தில் தள்ளிக்கொண்டு விசிலுக்காகக் காத்திருந்தார்கள். சண்டர்லாண்ட் இறங்கியது. லீக் விசாரித்துக் கண்டித்தது, முடிவு மாறவில்லை.

ஹில் தொடக்கத்தை வேண்டுமென்றே தாமதப்படுத்தினாரா? கூட்டம் உண்மையிலேயே பெரிதாக இருந்தது, அப்படி நெரிசல் இருக்கும்போது தொடக்கத்தைத் தள்ளுவது சரியான முடிவு. அதில் அவரைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. ஸ்கோர் போர்டு வேறு விஷயம். செய்தி ரேடியோவில் எப்படியும் கசிந்திருக்கும் என்ற வாதம் உண்டு, உண்மைதான். ஆனால் கசிவதும் கிளப்பே எழுத்தில் போட்டு அறிவிப்பதும் ஒன்றல்ல. பார்வையாளருக்குச் செய்தி சொல்வது தன் கடமை என்று வாழ்நாள் முழுக்க நம்பிய மனிதர் அவர், அந்த ராத்திரி அந்த நம்பிக்கையும் கிளப்பின் லாபமும் ஒரே திசையில் இருந்தன. அப்படி இருக்கும்போது ஒருவர் தன்னைத்தானே நம்பக் கூடாது. அந்த வாரம் மேட்ச் ஆஃப் தி டே தொகுப்பாளரிடம் இதைப் பற்றிக் கடுமையாகக் கேள்வி கேட்க வேண்டிய ஒரு ஆள் இருந்திருந்தால், அது அந்தத் தொகுப்பாளராகவே இருந்திருக்க வேண்டும். அங்கேதான் எல்லாம் முட்டி நிற்கிறது. முப்பது ஆண்டு கழித்து 2008-ல் ஃபுல்ஹம் மைதானத்துக்கு ஆட்டம் பார்க்கப் போனபோதும் சண்டர்லாண்ட் ரசிகர்கள் அவரைக் கண்டு கொதித்தார்கள்.

அதன்பின் வந்தவற்றில் நல்லதும் கெட்டதும் கலந்தே இருக்கின்றன. 1981-ல் ஹைஃபீல்ட் ரோடை இருக்கைகள் மட்டுமே உள்ள மைதானமாக மாற்றினார், இங்கிலாந்தில் அதுதான் முதல். ரசிகர்கள் விரும்பவில்லை, கூட்டம் குறைந்தது, வெளியூர்க் கும்பல் இருக்கைகளைப் பிடுங்கி எறிந்தது, கொஞ்ச வருடத்தில் ஒரு பகுதியில் மறுபடி நிற்கும் இடம் வந்தது. 1989-ல் ஹில்ஸ்பரோவில் நெரிசலில் 97 பேர் உயிர் போன பிறகு, நாடே இருக்கை மைதானங்களுக்கு மாறியது. டால்பட் கார் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, கிளப் பெயரையே கோவென்ட்ரி டால்பட் என்று மாற்றப் பார்த்தார், லீக் மறுத்துவிட்டது. சட்டை முழுக்க டி என்ற எழுத்தின் வடிவத்தில் ஒன்றைத் தைத்துப் போட வைத்தார். அமெரிக்காவில் டெட்ராய்ட் எக்ஸ்பிரஸ், பிறகு வாஷிங்டன் என்று கால்பந்து அணிகளில் பணம் போட்டார், பெரும் நஷ்டம். 1982-ல் நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவுக்கு ஆட்டக்காரர்களைக் கொண்டுபோகும் ஏற்பாட்டில் இறங்கினார், ஃபிஃபா அந்த நாட்டை 1976-லேயே வெளியேற்றியிருந்தது, பயணம் பாதியில் நின்றது. ஆட்டக்காரர் உரிமைக்காக நின்ற மனிதர் அங்கே போனது எனக்கு வருத்தம், அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன்.

1987-ல் ஃபுல்ஹமை வாங்கியிருந்த நில வியாபாரிகள் அதைக் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸோடு இணைக்கப் பார்த்தார்கள். ஆற்றோர நிலத்தின் மதிப்பு அப்படி. ஹில் ஆட்களைத் திரட்டி, கிளப்பை மீட்டு, தலைவராக உட்கார்ந்தார். இணைப்பு நடக்கவில்லை. இன்று பிரீமியர் லீகில் ஃபுல்ஹம் கிரேவன் காட்டேஜிலேயே ஆடுகிறது என்றால் அந்தச் சில மாதங்கள்தான் காரணம்.

பிபிசிக்குப் பிறகு ஸ்கை டிவியில் ஞாயிறு காலை பத்திரிகையாளர்களைச் சுற்றி உட்கார வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார், அதிலும் ஆட்களை மோதவிடும் அதே முறைதான். 2008-ல் அல்சைமர் நோய் இருப்பது தெரிந்தது. 2011-ல் கோவென்ட்ரியின் புது மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள். 2015 டிசம்பர் 19 அன்று 87 வயதில் இறந்தார்.

அவர் விட்டுப்போன கேள்வி ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் ஆட்டக்காரர் கேரி நெவில் ஸ்கையில் ஆட்டங்களை அலசுகிறார், சால்ஃபோர்ட் சிட்டி கிளப்பில் உரிமைப் பங்கும் வைத்திருக்கிறார். சால்ஃபோர்ட் லீகின் கீழ்மட்டத்தில் ஆடுவதால் அவர் பேசும் பிரீமியர் லீக் ஆட்டங்களோடு நேரடியாக மோதவில்லை. ஹில்லின் கிளப் அப்படி இல்லை, அவர் தொகுத்த அதே டிவிஷனில் இருந்தது, 1975 முதல் 1983 வரை பிபிசி அதை அனுமதித்தது. ஒரு அலசுபவரின் கிளப் மறுபடி உச்ச டிவிஷனுக்கு வந்தால், அவர் ஸ்டுடியோவிலிருந்து எழுந்து போக வேண்டும் என்பது என் கருத்து. அது ஹில்லாகவே இருந்தாலும் சரி.